இழுக்கும் சரி, நிக்குமா?

எங்க கோபி பக்கம் கரும்பு வெட்டு தொடங்கியாச்சு. இனி கொஞ்ச மாசத்துக்கு ரோடு பூரா டிராக்டரும் டிரைலரும்தான். வாரக்கடைசியில் காரில் ஊருக்கு வரும் நண்பர்கள் இறங்கினதும் கேக்கறது ஒரே கேள்வி: "அவ்வளவு நேரம் ஹாரன் அடிக்கிறோம், அந்த டிராக்டர்காரர் ஏங்க ஒதுங்கவே மாட்டேங்கறாரு?"

நீங்க அடிக்கிற ஹாரன் அவருக்குக் கேக்காதுங்க. இன்ஜின் அவர் காலுக்கு முன்னாடி கத்திக்கிட்டு இருக்கு. கண்ணாடியில பாக்கலாமேன்னா, பாதி டிராக்டர்ல கண்ணாடியே கிடையாது. இருந்தாலும் பின்னால் வீட்டு உயரத்துக்குக் கரும்பு நிக்குது. நீங்க வர்றது தெரிஞ்சாலும் அவரால சட்டுன்னு ஒதுங்க முடியாது. தார் ரோட்டை விட்டு டிரைலரின் ஒரு சக்கரம் மண்ணில் இறங்கினால் லோடு அந்தப் பக்கம் சாயும். நெடுங்குத்தலா அடுக்கின பாரம், ஒரு தடவை சாய ஆரம்பிச்சா நிமிராது.

ஆனா நான் இன்னைக்குச் சொல்ல வந்தது ஒதுங்கறதைப் பத்தி இல்லை. நிறுத்தறதைப் பத்தி.

எங்க வீட்டு டிராக்டர் 2 டன்னுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அதுக்குப் பின்னால் ஒரு டிரைலர் கரும்பு ஏத்தினால் 8 டன், 10 டன் சாதாரணமாப் போகும். பொதுவா டிராக்டரில் பிரேக் பின் சக்கரம் ரெண்டுக்கு மட்டும்தான், முன் சக்கரத்துக்குக் கிடையாது. எங்க பக்கம் ஓடுற டிரைலர் பெரும்பாலானதில் பிரேக்கே கிடையாது. அதாவது 2 டன் வண்டியின் ரெண்டு சக்கரம், மொத்தம் 12 டன்னைப் பிடிச்சு நிறுத்தணும். வேகம் ரெண்டு மடங்கானால் நிக்கறதுக்கு வேண்டிய தூரம் நாலு மடங்கு. காரில் நீங்க பிரேக்கைத் தொட்டதும் நிக்கற பழக்கத்தில், டிராக்டருக்கு முன்னால் சட்டுன்னு புகுந்து பிரேக் போடறீங்க பாருங்க, அப்போ எங்களுக்கு வயித்தைக் கலக்கும்.

அந்தப் பிரேக்கிலும் ஒரு விசயம் இருக்கு. வலது காலுக்குக் கீழே ரெண்டு பெடல், இடது சக்கரத்துக்கு ஒண்ணு, வலது சக்கரத்துக்கு ஒண்ணு. உழும்போது வரப்போரத்தில் சட்டுன்னு திருப்ப ஒரு பக்கத்தை மட்டும் மிதிப்போம், வண்டி அந்தச் சக்கரத்தில் நின்னு சுத்தும். ரோட்டுக்கு ஏறும் முன்னால் ரெண்டையும் சேர்த்துக் கொண்டி போடணும். போடாமல் வந்து, வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதிச்சா என்ன ஆகும்னு நீங்களே நினைச்சுப் பாத்துக்கங்க.

பாரம் இழுக்கிற சூட்சுமம் எங்க அப்பாருக்கு நல்லாத் தெரியும். அவர் காலத்தில் மாட்டு வண்டி. மூட்டையை அடுக்கும்போதே முன்பாரமா, பின்பாரமான்னு பாப்பார். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டுக் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். கொஞ்சமா முன்பாரம் இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு. ரெண்டு சக்கர டிரைலருக்கும் அதே கணக்குதான். முன்பாரம் கொஞ்சம் இருந்தால் டிராக்டரின் பின் சக்கரம் மண்ணை நல்லாப் பிடிக்கும். ரொம்ப ஆனால் மேட்டில் டிராக்டர் முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும், ஸ்டீயரிங் திருப்பினாலும் திரும்பாது. பின்பாரமானால் டிரைலர் வால் ஆட்டற மாதிரி ஆட ஆரம்பிக்கும்.

அமெரிக்காவில் இருக்கிற என் சித்தப்பா பையன் போன வருசம் ஒரு வீடியோ அனுப்பினான். பஸ் மாதிரி ஒரு வண்டி, உள்ளே படுக்கை, சமையலறை, கக்கூஸ் எல்லாம் இருக்கு. மோட்டார் ஹோம்னு சொல்றாங்க. அதுக்குப் பின்னால் ஒரு சின்னக் காரை, ஆளே இல்லாமல், நாலு சக்கரமும் ரோட்டில் உருள இழுத்துக்கிட்டுப் போறாங்க. போற இடத்தில் பெரிய வண்டியை நிறுத்திட்டு, பால் வாங்க, ஊர் சுத்த இந்தக் கார். வீட்டோட போறவனுக்குக் கடைக்குப் போக இன்னொரு வண்டி வேணுமான்னு எனக்குச் சிரிப்பு வந்துது. பிறகு அவன் விவரம் சொல்லச் சொல்லச் சிரிப்பு போயிருச்சு. எல்லாக் காரையும் அப்படி இழுக்க முடியாதாம். பல ஆட்டோமேட்டிக் கார்களில் இன்ஜின் ஓடினால்தான் கியர் பெட்டிக்குள் எண்ணெய் சுத்தும். சும்மா உருட்டினால் உள்ளே காய்ஞ்சு எரிஞ்சு போகும். அதனால கார் கம்பெனி கையேட்டில் இழுக்கலாம்னு போட்டிருந்தால்தான் இழுக்கணும்.

எனக்குப் பிடிச்சது அவங்க மாட்டுற முறை. முக்கோண இரும்புச் சட்டம் ஒண்ணு. அது கழண்டாலும் கார் ஓடிப் போகாமல் இருக்க, கீழே குறுக்கா ரெண்டு பாதுகாப்புச் சங்கிலி. காரின் பிரேக் பெடல் மேல ஒரு கருவி, முன் வண்டி பிரேக் போட்டால் இதுவும் காரின் பிரேக்கை மிதிக்கும். எல்லாம் அறுந்து போனாலும், ஒரு மெல்லிய கேபிள் இழுபட்டுக் காரைத் தானா நிறுத்திரும். இழுக்கிறவன் எவ்வளவு பெருசா இருந்தாலும் பின்னால் வர்றது தன்னைத் தானே நிறுத்திக்கணும்கிற ஏற்பாடு. அங்கே காரை விட இழுக்கிற வண்டி பல மடங்கு கனம். இங்கே இழுக்கிற வண்டியை விட இழுபடறது நாலஞ்சு மடங்கு கனம். நம்மகிட்ட இருக்கிறது ஒரு பின்னு, அது கழலாம இருக்க ஒரு வளையம். சில டிரைலரில் அந்த வளையமும் இருக்காது, கட்டுக்கம்பியைச் சுத்தியிருப்பாங்க.

எங்க ஊர் ரோடு கீழ்பவானி வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கும். ஏறும்போது எல்லாருக்கும் பயம், இறங்கும்போது யாருக்கும் பயம் இல்லை. நிசமா பயப்பட வேண்டியது இறக்கத்தில்தான். அங்கே டிரைலர் டிராக்டரைத் தள்ளும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கணும், இன்ஜினே பிடிச்சுக்கும். டீசல் மிச்சம்னு நியூட்ரலில் விடற பசங்க இருக்காங்க. வேகம் ஏறினதுக்கு அப்புறம் கியர் விழாது, பிரேக்கை அமுக்கினால் டிராக்டர் நிக்கப் பாக்கும், டிரைலர் நிக்காது. அது டிராக்டரின் முதுகைப் பக்கவாட்டில் தள்ளி, அரிவாள் மடக்குற மாதிரி மடக்கிரும்.

இப்போ இதெல்லாம் எழுதக் காரணம் என் தம்பி மகன். போன வைகாசியில் கடன் போட்டு டிராக்டர் எடுத்திருக்கான். ஆலைக்கு லோடு அடிக்கிறான், கூலி டன் கணக்கில். வெட்டின கரும்பு காயக் காய எடை குறையும், சர்க்கரையும் குறையும். அதனால தோட்டக்காரர் அவசரப்படுத்துவார். ஆலை வாசலில் வரிசை. தவணைத் தேதி மாசா மாசம் வந்துரும். போன வாரம் வந்து நின்னான்.

"பெரியப்பா, இன்னொரு டிரைலர் வாடகைக்கு வருதுங்க. ரெண்டையும் சேத்துக் கட்டினா ஒரே நடையில வேலை முடிஞ்சிரும்."

"இழுக்குமாடா?"

"நம்ம வண்டி நல்லா இழுக்கும்ங்க."

"நிக்குமா?"

பதில் சொல்லலை. "எல்லாரும்தான் ரெண்டு கட்டறாங்க"ன்னான் கொஞ்ச நேரம் கழிச்சு. அதுவும் பொய்யில்லை.

மூணு வருசத்துக்கு முன்னால் எங்க பக்கத்து ஊரில், அச்சு முறிஞ்ச கரும்பு டிரைலர் ஒண்ணை ராத்திரி ரோட்டோரம் விட்டுட்டுப் போனாங்க. பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் இருந்துது. கரும்புத் தோகை தொங்கி அதை மூடியிருந்துது. நூல் மில்லில் ஷிப்ட் முடிஞ்சு பைக்கில் வந்த பையன் நேராப் போய் மோதிட்டான். 22 வயசு. அவன் அம்மா இப்பவும் எங்க தோட்டத்துக்குக் களையெடுக்க வருவாங்க. ரோட்டில் கரும்பு டிரைலர் போகும்போது அந்தப் பக்கம் திரும்பறதில்லை.

தம்பி மகனுக்கு இந்தக் கதை தெரியும். அந்தப் பையனோட படிச்சவன்தான். அதனால நான் அதைச் சொல்லிக் காட்டலை. தவணைக்கு எவ்வளவு குறையுதுன்னு கேட்டேன். இந்த சீசன் முடியற வரைக்கும் மாசா மாசம் அதை நான் போடறேன், ரெண்டாவது டிரைலர் வேண்டாம்னேன். மஞ்சள் வித்த காசில் கொஞ்சம் இருக்கு. அவனுக்கு அது பிடிக்கலை, முகம் சுருங்கிருச்சு. அப்பனும் மகனும் பேசிட்டுச் சொல்றாங்களாம்.

காரில் வர்ற உங்களுக்கு ரெண்டு விசயம் மட்டும். இடது பக்கம் திரும்பற டிராக்டர் முதலில் வலது பக்கம் விலகும். டிரைலர் சக்கரம் உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும்கிறதால அப்படி. வழி விடறார்னு நினைச்சு இடது பக்கம் நுழைஞ்சிராதீங்க, நசுங்கிருவீங்க. ராத்திரியில் ரோட்டில் கல் வரிசையா கிடந்தால், அங்கே ஒரு வண்டி பழுதாகி நின்னிருக்கும், இல்லைன்னா நின்னுட்டுப் போயிருக்கும். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை எடுத்துப் போடாமல் போறது எங்க ஆளுங்க செய்யற பெரிய அக்கிரமம், அதை நான் ஊரிலும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.

தம்பி மகன் டிரைலருக்குக் குறுக்குச் சங்கிலி ரெண்டு செய்யச் சொல்லி வெல்டிங் பட்டறையில் கொடுத்திருக்கேன். கடைக்கோடிக் கட்டில் தொங்கவிட, தோகை மறைக்காத மாதிரி ஒரு சிவப்புப் பலகையும். புதன்கிழமை தர்றேன்னார் பட்டறைக்காரர்.