கிணற்றடிப் பெரணி

சித்திரையில் அழகர் மலையிறங்கி வைகைக்கு வரும் சமயம் மதுரையே கொண்டாட்டத்தில் இருக்கும். வீட்டுத் தொட்டியில் நிற்கும் பெரணிக்கு மட்டும் அது கெட்ட காலம். வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். காற்றில் ஈரம் வற்றிவிடும். நர்சரியில் தழைத்துத் தொங்கிய பாஸ்டன் ஃபெர்ன், அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் நுனி கருகிச் சருகாகிறது. “இதெல்லாம் கொடைக்கானலுக்குத்தான் சரி” என்று சொல்லி, அதே தொட்டியில் கற்றாழையை வைத்துவிடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ள முடியாது. பெரணி இந்தச் சமவெளிக்கு அந்நியமான செடியே அல்ல.

மதுரையிலிருந்து சுமார் 20 கி.மீ. போனால் அழகர்மலை. மேலே ராக்காயி அம்மன் சன்னிதியில் விழும் நூபுர கங்கைதான் சிலம்பாறு. கீழே வயல்வெளி காய்ந்து கிடக்கும்போதும் ஊற்றுநீர் கசியும் நிழல் பாறைகளில் பெரணிக்குப் பிழைப்பு உண்டு. மலைக்குக்கூடப் போக வேண்டாம். போர் போடும் பழக்கம் வருவதற்கு முன் கட்டிய கிணறுகளை எட்டிப் பார்த்தால் போதும். உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, செங்கல் இடுக்கெல்லாம் பச்சை. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. தூசியைவிட மெல்லிய வித்துகள் காற்றில் வந்து ஈரச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டு முளைத்தவை அவை.

அப்படி முளைப்பவற்றில் இரண்டு வகை வீட்டுக்கு அருமையானவை. ஒன்று, கறுப்புக் கம்பி போன்ற காம்பில் சிறு விசிறி இலைகள் தாங்கும் அடியான்டம். மற்றொன்று, ஏணிப்படியாக இலை அடுக்கும் டெரிஸ் விட்டாட்டா. நஞ்சான ஆர்செனிக்கை மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் திறன் இந்த இரண்டாவது செடிக்கு உண்டு என்று 2001-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதியபோது உலகமே இதைத் திரும்பிப் பார்த்தது. இரண்டுக்கும் சுண்ணாம்பு பிடிக்கும். இலைமக்கும் மணலும் கலந்த தொட்டியில், இடித்த பழைய வீட்டின் காரைத் துண்டுகள் கொஞ்சம் போட்டால் செழிப்பாக வரும். பாஸ்டன் ஃபெர்னுக்கு அது ஆகாது. உப்பேறிய போர் தண்ணீரும் ஆகாது. அதற்கு மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுவது நல்லது.

மண்ணைவிடப் பெரிய விஷயம் காற்று. லண்டனின் நிலக்கரிப் புகையில் தன் பெரணிகள் மடிவதைப் பார்த்துச் சலித்துப்போனவர் மருத்துவர் நதானியேல் வார்டு. 1829-இல் ஒரு விட்டில் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்தார். புழுவைக் கவனிக்கப் போனவருக்குக் கிடைத்தது, உள்ளே தானாக முளைத்த பெரணி. 1833-இல் அவருடைய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் கப்பலேறி, மாதக்கணக்கில் பயணம் செய்து சிட்னிக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தன. மதுரையில் புகையின் இடத்தில் வறட்சி இருக்கிறது, அவ்வளவுதான். மின்விசிறிக்கு நேராகத் தொட்டியை வைத்தால் எவ்வளவு ஊற்றினாலும் இலை காயும். குளியலறை ஜன்னல், துணி துவைக்கும் கல்லை ஒட்டிய நிழல், கிணற்றடி — பெரணியின் இடம் இவைதான். நாலைந்து தொட்டிகளை நெருக்கி வைத்து, அடியில் கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் விட்டு வைத்தால் அவற்றைச் சுற்றியாவது காற்று ஈரமாக இருக்கும்.

இவ்வளவு மெனக்கெட முடியாதவர்களுக்கு முடவாட்டுக்கால் இருக்கிறது. கொல்லிமலையில் சூப்பு வைத்துக் குடிக்கும் அந்த ரோமம் அடர்ந்த கிழங்கு, உண்மையில் ஒரு பெரணியின் தண்டு. மரத்திலும் பாறையிலும் தொற்றி வளர்வது; கோடையில் பச்சை இலையை உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும். தண்டை மண்ணில் புதைக்காமல் மேலே படிய வைத்துக் கட்ட வேண்டும். அடியில் இருக்கும் பழுப்பு இலைகளைச் சருகென்று நினைத்துக் கிள்ளிவிடக் கூடாது. உதிரும் இலைதழையை ஏந்தி மக்க வைத்துச் செடிக்கு உணவு சேர்ப்பவை அவைதான்.

கொத்துப் பிரித்து நட ஐப்பசி நல்ல மாதம். தைலக்காப்புக்காக அழகர் நூபுர கங்கைக்கு எழுந்தருளும் அந்த மாதத்தில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கியிருக்கும். செடிக்காக மலைக்குப் போய்த் தோண்டக் கூடாது, அது காப்புக்காடு. ஒரு பெரணி கையில் இருந்தாலே போதும். இலையின் அடியில் வரிசை பிசகாமல் பழுப்புப் புள்ளிகள் தெரியும். பூச்சி என்று பயந்து மருந்தடிப்பவர்கள் நிறையப் பேர். அவை வித்துப் பைகள். முற்றிய இலையைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்தால் பழுப்புத் தூளாகக் கொட்டும். வெந்நீர் ஊற்றி ஆறவைத்த ஈரச் செங்கல்லில் அதைத் தூவி, கண்ணாடிப் பெட்டியில் மூடி நிழலில் வைக்கலாம். முதலில் பாசி போன்ற படலம், பிறகு நகக்கண் அளவில் இதய வடிவத் துணுக்குகள் வரும். அந்தக் கட்டத்தில் மேலே ஈரம் நிற்க வேண்டும். ஆணணு நீரில் நீந்திப் போய்த்தான் கரு கூடுகிறது. சுருண்ட முதல் இலை எழும்பச் சில மாதங்கள் ஆகும்.