பழந்தேறலும் பழஞ்சோறும்

பழையது என்னும் சொல்லுக்கு எல்லா வீட்டிலும் ஒரே மதிப்பு இருப்பதில்லை. செல்வர் மனையில் பழமை பெருமைக்குரியது. பழைய பொன், பழைய பட்டு, பழைய குடி என்று அதனை எடுத்துச் சொல்வார்கள். உழைப்பாளியின் குடிலிலோ பழையது என்றால் முதல்நாள் இரவு நீரூற்றி வைத்த சோறு. இரண்டிலும் வேலை செய்வது காலம்தான். இரண்டிலும் நிகழ்வது புளிப்புத்தான். ஆயினும் ஒன்றுக்கு விலை ஏறுகின்றது. மற்றது மிச்சம் என்று பெயர் பெறுகின்றது. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று எம்மை எண்ணவைத்தவை மூன்று போத்தல் திராட்சை மது. அந்தக் கதையை இங்கே சொல்ல விரும்புகின்றோம். மதுவைப் புகழ இதனை எழுதவில்லை. மதுவால் சிதைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடம் சொல்லும் ஆசிரியர் நாம்; அதன் கொடுமையை எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எமது தாய்மாமனை அம்மான் என்றே அழைப்போம். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி மணற்பரப்பில் தென்னை சீவிய ஒருவரின் மகன் அவர். அந்தத் தொழிலை இழிவென்று சொல்லி, கள்ளை மட்டும் இழிவென்று கருதாத சமூகம் எம்முடையது. பதினைந்து வயதில் அம்மானும் மரமேறினார். விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நாட்கணக்கில் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் நுனியைத் தாள்போல் சீவி, முட்டி கட்டி இறக்குவது பொறுமையும் நுட்பமும் வேண்டும் வேலை. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளை வேரோடு சாய்த்தது. தென்னம்பிள்ளை நட்டுப் பாளை காண ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அடுப்பு எரிவது எப்படி? எமது அம்மப்பா கூலிக்குப் போனார். 1983இன் பின்னர் வந்த கொடிய ஆண்டுகளில் அம்மான் நாட்டைவிட்டே போனார். பல நாடுகள் கடந்து அவர் சென்றடைந்த இடம் கலிபோர்ணியாவில் லோடை என்னும் ஊர். அங்கே ஒரு மதுச்சாலையில் மிடாக்களைக் கழுவும் வேலை.

லோடை, சின்பண்டெல் என்னும் கருந்திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊர். அந்தக் கொடியின் வரலாறும் ஓர் அகதியின் வரலாறு போன்றதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா வந்தபோது தன் சொந்தப் பெயரையும் ஊரையும் தொலைத்துவிட்டது. இத்தாலியில் பிரிமிதீவோ என்று வளர்வது இதே கொடிதான் என்பது 1990களில் உறுதியாயிற்று. குரொவேசியக் கடற்கரையில் அழியும் நிலையில் நின்ற சில பழங்கொடிகளே அதன் பிறப்பிடத்து உறவுகள் என்பதை 2001இல் மரபணுச் சோதனை காட்டியது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய காலத்தில், வீட்டுத் தேவைக்குப் பழரசம் பிழிய மட்டும் சட்டம் இடந்தந்தது. அந்த இடுக்கின் வழியாகவே, புகையிரதப் பெட்டிகளில் ஏறி ஏழைக் குடியேறிகளின் வீடுகளுக்குச் சென்று இக்கொடி பிழைத்தது. கலிபோர்ணியத் திராட்சைத் தோட்டங்களில் பழம் பறித்தவர்கள் பிலிப்பினோக்களும் மெக்சிக்கர்களும். 1965 செப்டெம்பரில் டெலானோவில் பிலிப்பினோத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சீசர் சாவேசின் தலைமையில் மெக்சிக்கத் தொழிலாளரும் சேர்ந்தனர். ஐந்து ஆண்டுகள் போராடி 1970இல் ஒப்பந்தம் பெற்றனர். அந்தக் கிண்ணத்தைக் கையில் ஏந்தும் எவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

அம்மான் கொண்டுவந்த மூன்று போத்தல்களும் 2004ஆம் ஆண்டு அறுவடைக்குரியவை. ஏன் அந்த ஆண்டு என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்பழங்கள் பறிக்கப்பட்ட செப்டெம்பரில் நாவலடியில் எமது அம்மம்மாவின் வீடு நின்றது. டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் வந்தது. வீடும் இல்லை, அம்மம்மாவும் இல்லை.

முதற் போத்தல் திறக்கப்பட்டது 2009 டிசெம்பரில். போர் முடிந்து ஏழு மாதங்கள். நாம் அப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துக்கொண்டிருந்த மாணவர். ஐந்து வயது மது அது. நாவற்பழத்தைக் கசக்கியது போன்ற கருஞ்சிவப்பு. மணமும் பழுத்த நாவலை ஒத்ததே. வாயில் வைத்தவுடன் பாகுபோன்ற கனிச்சுவை, அதன் பின்னே மிளகின் காரம், இறுதியில் நாக்கைப் பிடித்திழுக்கும் துவர்ப்பு. சின்பண்டெலின் ஒரே குலையில் சில மணிகள் வற்றிச் சுருங்கியிருக்கச் சில இன்னும் காயாகவே நிற்குமாம். வற்றியவற்றின் இனிமையே சாராயச்சத்தாக மாறி நெஞ்சைச் சுட்டது. எமக்கு அது பிடிக்கவில்லை. இளமைக்குரிய ஆரவாரம் அதில் இருந்தது, எம்மிடமும் இருந்தது.

இரண்டாவது 2016இல். பன்னிரண்டு ஆண்டுகள். கிண்ணத்தைச் சரித்துப் பார்த்தால் விளிம்பில் செங்கல்லின் நிறம். பச்சைப் பழத்தின் மணம் போய், உலர்ந்த திராட்சையும் கராம்பும், எங்கோ தொலைவில் புகையிலையும் மணத்தன. துவர்ப்பு பணிந்திருந்தது. காரணத்தை அம்மான் தாம் கேட்டறிந்தபடி விளக்கினார்: தோலிலும் விதையிலும் இருந்து வந்த துவர்ப்புப் பொருளும் நிறப்பொருளும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரியனவாகின்றன, பாரம் தாங்காதவை வண்டலாய் அடியிற் படிகின்றன, எஞ்சுவது மென்மை. அந்தப் போத்தல் எமக்கு மிகவும் பிடித்தது.

மூன்றாவது 2024 டிசெம்பரில், இருபதாம் ஆண்டு நினைவு நாள் கழிந்து மூன்றாம் நாள். அம்மான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். போத்தலின் அடியில் இரண்டு விரல் வண்டல். மெதுவாகச் சரித்து வார்த்தார். நிறம் கருஞ்சிவப்பை விட்டுத் தேயிலைச் சாயத்தை நெருங்கியிருந்தது. பழம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஈர இலை, பழைய மரப்பெட்டி, மழை விட்ட மண். துவர்ப்பு அடங்கிவிட்டது, ஆனால் அதுவரை கனிச்சுவை மூடி வைத்திருந்த சாராயச்சூடும் புளிப்பும் வெளியே தெரிந்தன. அரை மணி நேரத்திற்குள் அந்த மணமும் கலைந்தது. இவ்வகைத் திராட்சையின் மதுவைச் சில ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவதே பெரும்பாலோர் வழக்கம் என்று அம்மான் சொன்னார். இருபது ஆண்டுகள் அதற்குச் சற்று அதிகம்.

“நல்லதா, கெட்டுப்போச்சா, அம்மான்?” என்று கேட்டோம்.

“மறுகா என்ன மருமகன், விடிய இறக்கின கள்ளு பொழுதுபடப் புளிக்கும். இது இருவது வருசம் எடுத்துப் புளிச்சிருக்கு. அவ்வளவுதான்” என்றார். பிறகு கிண்ணத்தை முகர்ந்தபடி நெடுநேரம் இருந்துவிட்டு, “அம்மாட வினாகிரிச் சாடி மணம்” என்றார்.

அந்தச் சாடி எமக்கும் நினைவிருக்கின்றது. விலைபோகாமல் எஞ்சிய கள்ளை அம்மம்மா கொட்டமாட்டார். மண்சாடியில் ஊற்றித் துணியால் வாய்கட்டி மூலையில் வைப்பார். சில வாரங்களில் அது காடியாகும்; எங்கள் பக்கத்தில் வினாகிரி என்போம். அச்சாறுக்கும் மீனுக்கும் அதுவே. ஆணின் உழைப்பில் வீணாகப் போவதைப் பெண்ணின் உழைப்பு மீட்டெடுத்தது.

அம்மான் சொன்ன ஒப்புமை வெறும் பேச்சன்று. தென்னம்பாளையிலிருந்து வடியும் சாற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பங்கு சர்க்கரை. முட்டியில் விழும்போதே காற்றிலுள்ள நொதியங்கள் அதில் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் மட்டுமே அது இனிப்பாக நிற்கும். இல்லையேல் காலையில் இனிமை, நண்பகலில் கடுமை, மாலையில் புளிப்பு. பின்னர் வேறொரு நுண்ணுயிர் வந்து அதனைக் காடியாக்கும். சின்பண்டெல் இருபது ஆண்டுகளில் சென்ற நெடும்பாதையைப் போன்றதொன்றைக் கள் சில நாட்களிற் கடந்துவிடுகின்றது. ஆகவே கள்ளிறக்குபவனுக்குப் பேரம் பேச நேரமில்லை. இன்று விற்காவிட்டால் நாளை அவன் கையில் இருப்பது வேறு பொருள்.

அதே கள் வடிசாலைக்குப் போனால் கதை மாறுகின்றது. காய்ச்சி வடித்த தென்னஞ்சாராயத்தைச் சாவண்டலை மரத்தால் செய்த பெருந்தொட்டிகளில் நிரப்பி ஆண்டுக்கணக்கில் வைப்பது இலங்கையின் வழக்கம். ஹல்மில்ல என்று சிங்களவர் அழைக்கும் அம்மரத்திற்குத் திருகோணமலை மரம் என்றும் ஒரு பெயர் உண்டு. சென்னைக் கரையின் மசூலாப் படகுகளும் அதனாற் செய்யப்பட்டன. எமது கீழ்த்திசைக் காட்டின் மரம் அது. தொட்டியில் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டும் சாராயத்தின் விலையைக் கூட்டுகின்றது. கூடிய அந்த விலையில் மரமேறியவனுக்கு ஒரு சதமேனும் உண்டா? அவனுடைய கணக்கு அன்றைக் காலையிலேயே முடிந்துவிட்டது. மரத்தில் ஏறியவன் உழைப்பை விற்றான். தொட்டியை வைத்திருந்தவன் காலத்தை விற்றான். பொறுத்திருக்கும் வசதி என்பதும் ஒருவகை முதல். குளிர்ந்த நிலவறை, பூட்டிய கதவு, நாளைக்கும் அடுத்த ஆண்டுக்கும் சோற்றுக்குக் குறைவில்லை என்ற உறுதி ஆகியவை இருந்தாற்றான் பழமை சுவையாகும். எங்கள் ஊரின் 30 பாகை வெப்பத்தில் ஓலைக்கூரையின் கீழ் வைத்திருந்தால் அந்தச் சின்பண்டெல் சில ஆண்டுகளிலேயே பாழாகியிருக்கும்.

நம் இலக்கியத்திலும் இதனைக் காணலாம். நெடிய மூங்கிற் குழாயில் விளைந்த தேன்கள்ளைத் திருமுருகாற்றுப்படை கூறும். யவனர் கலங்களில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பருகியதை நக்கீரர் புறநானூற்றில் பாடுவார். 1945இல் அரிக்கமேட்டில் மோர்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த மத்தியதரைக் கடல்நாட்டுச் சாடித் துண்டுகள் அதற்குச் சான்று பகர்ந்தன. ஆனால் அதே புறநானூற்றில் ஒளவையார், அதியமானின் சாவுக்கு அழுதபோது, கள் சிறிதளவே கிடைத்த நாளில் அவன் அதனைத் தனக்கென வைக்காது எமக்கே தந்தான் என்று நினைவுகூர்கின்றார். பழமையைப் பாராட்டுபவர்கள் யவனத் தேறலை எடுத்துக் காட்டுவர். நாம் வகுப்பில் அதியமானின் அந்தப் பங்கீட்டையே விரித்துச் சொல்லுவோம்.

இன்று தவறணையின் வாசலில் நிற்கும் உழைப்பாளிக்குக் கிடைப்பது சுவையன்று, மறதி. கள்ளிறக்க 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் கேட்கும். கசிப்போ எந்தப் பத்திரமும் இன்றி ஒழுங்கைக்குள் வரும். 2017இல் கல்குடாப் பகுதியில் எழும்பிய பெரிய வடிசாலைக்கு எதிராக மட்டக்களப்பு மக்கள் குரல் எழுப்பினர். செய்தி சேகரிக்கச் சென்ற செய்தியாளர் இருவர் தாக்கப்பட்டனர். அந்தக் குரலில் தாய்மார் குரலும் இருந்தது. அது ஒழுக்கவாதிகளின் கூச்சலன்று. அடுப்பைக் காக்கும் போராட்டம்.

எமது வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். யாப்பு அவனுக்கு விளையாட்டு. நாம் அசை பிரிக்கும் முன்னரே தளை சொல்லுவான். காலையில் பழஞ்சோறு உண்டு வருவான். சில நாட்களில் அதுவுமின்றி வருவான். தந்தையின் கூலியில் பாதி தவறணைக்கு. சாதாரண தரப் பரீட்சை எழுதிய மறுவாரமே அவன் வாவியில் இறால் பிடிக்கப் போய்விட்டான். வீட்டுக்குச் சென்று தாயிடம் பேசினோம். “இன்னும் ரெண்டு வருசம், மறுகா கம்பசுக்கு நாலு வருசம். அதுவரைக்கும் ஆர் சேர் பாக்கிற?” என்று அவர் கேட்டார். அதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. பெறுபேறு வந்தபோது தமிழில் அவனுக்கு ஏ. அந்தத் தாளை வாவிக்கரையில் வைத்து அவனிடம் கொடுத்தோம். ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தான். பிறகு நனையாமல் வைத்திருங்கள் என்று எம்மிடமே திருப்பித் தந்தான். இன்றும் அது எமது மேசை இழுப்பறையில் இருக்கின்றது.

மூன்றாவது போத்தலின் வண்டலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரவில் அவனைத்தான் நினைத்தோம். ஒரு திராட்சைச் சாற்றுக்கு இருபது ஆண்டுகள் பொறுத்திருக்க இவ்வுலகில் இடமும் குளிரும் காவலும் உண்டு. ஒரு பிள்ளை விளைவதற்கு ஆறு ஆண்டுகள் பொறுத்திருக்க எமது வாவிக்கரையில் வழியில்லை. இது இயற்கையின் விதியன்று. மனிதர் வகுத்த ஏற்பாடு. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம். பாடசாலையிற் காலை உணவு, உயர்தர வகுப்பு முடியும்வரை குடும்பத்துக்குக் கைகொடுக்கும் உதவிப் பணம், சீவற் தொழிலாளருக்கும் மீனவருக்கும் தம் பொருளுக்குத் தாமே விலை சொல்லும் கூட்டுறவு: இவை பெருங்கனவுகள் அல்ல. கேட்க வேண்டியவை, ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து கேட்க வேண்டியவை.

அம்மான் திரும்பிப் போகுமுன் வெறும் போத்தலைக் கழுவிக் காயவைத்தார். மூன்றாம் நாள், அயலில் மரமேறுபவர் ஒருவரிடம் புளித்த கள் வாங்கி அதில் ஊற்றித் துணியால் வாய்கட்டி எமது அடுக்களை மூலையில் வைத்துவிட்டுப் போனார். நல்ல காடியாக வந்திருக்கின்றது.