நட்சத்திரக் குறி

வீட்டுக் கணிப்பொறியை நாள்கணக்கில் அணைத்து வைத்தாலும் அது நேரத்தை மறப்பதில்லை. உள்ளே காசளவு மின்கலம் ஒன்று கடிகாரத்தைக் காத்து நிற்கிறது. வலையமைப்பு சுவிட்சுகள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மின்சாரம் போனால் காலமும் போயிற்று. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் வரிசையில் பல மாதிரிகள், எந்த ஆண்டில் எழுப்பினாலும், 1993 மார்ச் 1 என்றே நாளைத் தொடங்கும்.

இதிலென்ன நட்டம் என்று கேட்கலாம். நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் ஒருநாள் இரவு முக்கிய இணைப்பு அறுந்தது. இரவுப் பணியிலிருந்த இளைஞர்தான் கேபிளைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்று காலையில் பேச்சு எழுந்தது. அவருடைய வேலையே போகும் நிலை. சுவிட்சின் பதிவேடோ மார்ச் 22 என்றது. நாங்கள் இருந்தது நவம்பரில். சுவரிலிருந்த நேரத்திலிருந்து சுவிட்ச் காட்டிய நேரத்தைக் கழித்து, அந்த வேறுபாட்டைப் பதிவோடு கூட்டிப் பார்த்தோம். அவர் வீடு சென்று இரண்டு மணி நேரம் கழிந்த பின்னரே இணைப்பு அறுந்திருந்தது. அதற்குள் யாரேனும் சுவிட்சை மறுதொடக்கம் செய்திருந்தால் அந்தச் சான்றும் நினைவகத்தோடு அழிந்திருக்கும்.

நாங்கள் கையால் போட்ட கணக்கை ஓயாமல் போடுவதுதான் என்டிபி என்னும் நெறிமுறை. 1985இல் அதை வகுத்தளித்த டேவிட் மில்ஸ் 2024இல் மறைந்தார். கேள்வி புறப்பட்ட நேரம், சர்வரை அடைந்த நேரம், விடை கிளம்பிய நேரம், வந்து சேர்ந்த நேரம் ஆகிய நான்கையும் கொண்டு பயணத் தாமதத்தையும் கடிகாரப் பிழையையும் அது பிரித்தறிகிறது. அணுக்கடிகாரம் போன்ற மூலத்துக்குப் படி 0. அதனோடு நேரே இணைந்த சர்வருக்கு 1. இப்படி 15 வரை. 16 என்றால், நேரம் அறியாதவர் என்று பொருள்.

விடை வரும்வரை கேட்டலிஸ்ட் தன் பதிவின் ஒவ்வொரு வரிக்கும் முன்னே ஒரு நட்சத்திரக் குறி இடும். இந்த நேரத்தை நம்பவேண்டாம் என்பது அதன் பொருள். ஒருமுறை சரியான நேரம் பெற்றுப் பின்னர் தொடர்பிழந்தால் நட்சத்திரத்துக்குப் பதில் ஒரு புள்ளி. தனக்கு எவ்வளவு தெரியும் என்பதில் இத்தனை நுட்பம் அந்தப் பெட்டிக்கு. அன்று காலை பேசியவர்கள் எவர் சொல்லுக்கு முன்னும் அப்படியொரு குறி இருக்கவில்லை.

பிறகு எல்லாச் சுவிட்சுகளுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட நேர சர்வர்களைக் காட்டிக்கொடுத்தோம். என்றாலும் மறுதொடக்கத்துக்குப் பின் முதல் சில நிமிடங்களின் வரிகள் நட்சத்திரத்தோடுதான் வரும். அவற்றை நான் சற்று நிதானமாகவே படிக்கிறேன்.