குளியலறைப் பூஞ்சணமும் தஹாரத் பாடமும்



2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதையொட்டிய மழையில், நெய்வேலி நகரியத்திலுள்ள எங்கள் பழைய வீட்டின் சுவர்கள் பல நாள்கள் உலரவில்லை. குளியலறை மூலையில் கறுப்புப் புள்ளிகளாகத் தொடங்கிய பூஞ்சணம் மேல்தளம் வரை ஏறிவிட்டது. இளைப்பு நோயுள்ள என் தாயார், ஃபஜ்ருக்கு ஒளூச் செய்துவிட்டு இருமிக்கொண்டே வெளியே வருவார்கள்.

மதரஸாவில் ஆண்டுதோறும் தஹாரத் பாடம் நடத்துபவன் நான். சுவரில் பூஞ்சணம் இருப்பதால் ஒளூவுக்குக் குறைவில்லை என்று சட்டம் சொல்லி என்னையே தேற்றிக்கொண்டிருந்தேன். தாயாரின் இருமல் அந்தச் சமாதானத்தைக் கலைத்தது.

ஒரு விடுமுறை நாளில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துச் சுவரில் பூசினேன். அது போதாதென்று கழிப்பறை ஆசிட்டையும் ஊற்றப் போனேன். என் மனைவி ஓடிவந்து குப்பியைப் பறித்துக்கொண்டார். அவ்விரண்டும் கலந்தால் நச்சான குளோரின் வாயு எழும்; சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. நிய்யத் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, செய்யும் முறையும் சரியாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்பவன், அன்று அதனை மறந்துவிட்டேன்.

பின்னர் முறைப்படி செய்தோம். சன்னலைத் திறந்து, மூக்கையும் வாயையும் மூடி, கையுறை அணிந்து, முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவினோம். அதன்பின் பிளீச்சிங் கரைசலை மட்டும் பூசி, பத்து நிமிடம் விட்டு அலசினோம். தாயாரை அன்று முழுவதும் அந்தப் பக்கமே வரவிடவில்லை.

ஆயினும் இரண்டு வாரங்களில் புள்ளிகள் திரும்பின. பூஞ்சணம் வளர்வது ஈரத்தால். ஈரம் இருக்கும்வரை சுண்ணாம்போ பெயிண்டோ பூசி மறைத்தாலும் அது மீண்டும் வெளிவரும். மழை ஓய்ந்த பின்னும் எங்கள் சுவர் காயாததற்குக் காரணம் நாங்களே. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, வாளி நிரம்பி வழிந்தது, ஈரத்துணிகள் உள்ளேயே தொங்கின.

நபி (ஸல்) அவர்கள் ஒளூவுக்கு ஒரு முத்து நீரே பயன்படுத்தினார்கள்; ஐந்து முத்துக்கு மேற்படாத நீரில் குளித்தார்கள். ஒரு முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு. கரும்பலகையில் நான் எழுதிப்போடும் இந்த அளவு என் வீட்டுக் குழாயடியில் இல்லை. வீண்விரயம் செய்த நீரே சுவரில் கறையாகப் படிந்தது.

குழாயின் வாஷரை மாற்றினோம். குளித்தவர் சுவரையும் தரையையும் வைப்பரால் இழுத்துவிட்டே வெளியே வர வேண்டும் என்பது வீட்டு விதியாயிற்று. அதன்பின் எக்ஸாஸ்ட் ஃபேன் அரைமணி நேரம் ஓடும். ஈரத்துணிகள் கொடிக்குச் சென்றன. இப்போது சுவர் உலர்ந்திருக்கிறது. ஃபஜ்ர் நேரத்து இருமலும் குறைந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும். அதற்கு முன்பே உங்கள் குளியலறையை ஒருமுறை பாருங்கள். வீட்டில் முதியோரோ குழந்தைகளோ இருப்பின், அவர்களது மூச்சும் நம்மிடமுள்ள அமானிதமே. அதனைப் பேணும் நல்வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.