கேட்பதில் கூச்சம் எதற்கு?

சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்க் கடைவீதியானாலும், கம்ப்யூட்டர் சாமான் விற்கும் பல கடைகளின் பில்லில் கடைசியாக ஒரு வரி அச்சாகியிருக்கும்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. அதைப் படித்துவிட்டு, பழுதான ரேமையும் மதர்போர்டையும் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் வீடு திரும்பும் பிள்ளைகள் ஏராளம். நல்ல பொருளை வாங்கிவிட்டு மனம் மாறித் திருப்பிக் கொடுக்கப் போனால், அந்த வரியைக் கடைக்காரர் காட்டலாம். பழுதான பொருளுக்கு அது செல்லாது. பழுதுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிகம் என்றே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள் தர வேண்டும். போடாவிட்டால் 30 நாளுக்குள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் வீட்டு முன்னறையில் டிடிபி வேலை செய்கிறாள். கல்யாணப் பத்திரிகை, கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கோயில் விழா நோட்டீஸ் என்று எது வந்தாலும் செய்து கொடுப்பாள். அந்த ஒரு கம்ப்யூட்டரை நம்பித்தான் குடும்பம் நடக்கிறது. புதிதாக வாங்கிப் பொருத்திய எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி, சில நாட்களில் புகைந்தது. மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. கடைக்குப் போனால், "நாங்க விக்கிறதோட சரிக்கா, கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பாத்துக்குங்க" என்றான் கவுன்ட்டர் பையன். சர்வீஸ் சென்டரிலோ, அந்த சீரியல் நம்பர் தங்கள் வழியாக வந்த சரக்கே இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். "போகட்டும் மாமா, இதுக்காக யார்கூடப் போய் சண்டை போடுறது" என்றாள் என்னிடம்.

அந்தப் 'போகட்டும்' எனக்கு வலித்தது. கடையில் நின்று குரல் கொடுப்பது மரியாதைக் குறைவு, அதிலும் பெண்பிள்ளை கேட்பது அடாவடி என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறோம். அவள் விட்டுக்கொடுத்தால் அதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அவளுக்குச் சேர வேண்டிய பணம் சேராமல் போகும். அதே சரக்கு அதே அலமாரியிலிருந்து இன்னொருவர் வீட்டுக்கும் போகும். அவர் கடன் வாங்கி மகனுக்குக் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கிறவராகக்கூட இருப்பார்.

கடைக்காரர்கள் எல்லாரையும் நான் குறை சொல்லவில்லை. பல நேரங்களில் அவர்களும் ஏமாந்தவர்கள்தான். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு விவகாரம் வெளியே வந்தது. புதியவை என்று விற்ற சீகேட் ஹார்ட் டிஸ்க்குகள் பல்லாயிரம் மணி நேரம் ஓடிய பழையவை என்று தெரிந்தது. ஓடிய நேரத்தைக் காட்டும் வழக்கமான பதிவை யாரோ அழித்திருந்தார்கள். டிஸ்க்கின் உள்ளே இருந்த வேறொரு பதிவுதான் உண்மையைச் சொன்னது. விற்ற கடைகளில் பலவற்றுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. சரி, கடைக்காரருக்குத் தெரியாது. ஆனால் என் பணம் போனது அவர் கல்லாவுக்கு. அவருக்கு விற்ற மொத்த வியாபாரியை நான் பார்த்ததுகூட இல்லை. அவரிடம் கேட்டு வாங்குவது கடைக்காரரின் வேலை. என்னிடம் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். விற்கும் சரக்கு விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 1930-இல் வந்த சரக்கு விற்பனைச் சட்டமே சொல்லியிருக்கிறது. கம்பெனி தரும் வாரன்டி அதற்கு மேலே கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு. அதைக் காட்டி, விற்றவர் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லிச் சம்மதிக்கவைத்தேன். நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினோம். வாங்கிய தேதி, பில் எண், சீரியல் நம்பர், என்ன ஆயிற்று, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பது மட்டும். கோபத்தைக் காட்டும் சொல் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. ஒப்புகையோடு தபாலில் அனுப்பினோம். கடை முதலாளியே போன் செய்தார். எஸ்எம்பிஎஸ் பணம் முழுதாக வந்தது. மதர்போர்டுக்குப் பாதிதான் தருவேன் என்றார். அவள் அதற்குச் சம்மதித்தாள். இன்னும் கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம், ஆனால் முடிவு அவளுடையது.

ஒருவேளை வழக்கு வரை போயிருந்தால், "தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடியிருக்கும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளைச் சட்டம் வணிக நோக்கில் சேர்ப்பதில்லை. தையல் மெஷினோ டிடிபி கம்ப்யூட்டரோ, உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் நேர்மை வேண்டும். மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடத்துப் பின்னை வளைத்துவிட்டு, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று சாதிக்கிறவர்களும் உண்டு. அவர்களால்தான் உண்மையான புகாரோடு வருகிறவரையும் கடைக்காரர் சந்தேகத்தோடு பார்க்கிறார். பெட்டியைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். சீரியல் நம்பரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி இல்லாம போட்டுத் தர்றேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 18 சதவீதம் மிச்சம் என்று தோன்றும், ஆனால் நாளைக்கு நீங்கள் அந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பதற்கே அத்தாட்சி இருக்காது. பில் தராமல் விற்பதும் 2019 நுகர்வோர் சட்டப்படி தவறுதான்.

கடிதத்துக்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். 2019 சட்டம் தந்த பெரிய வசதி இது. பழுது உண்டா இல்லையா என்று பார்த்துத் தெரியாதபோது, பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதற்குத் தயாராகத்தான் போக வேண்டும்.

மனுப் போட இரண்டு ஆண்டுதான் காலம். வீட்டுப் பரணில் பழுதான பொருள் எதையாவது போட்டுவைத்திருந்தால், பில்லைத் தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள்.