100 பவுண்டுக்கு 0.1 வினாடி

இன்னைக்கு இழை சுகர், பிபி பற்றி இல்ல. ஒரு பிக்கப் டிரக்கை எப்படி இளைக்க வைக்கிறதுங்கறதைப் பற்றி. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு தோணும். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நான் வேலை பார்க்கிறது டெக்சாஸ்ல ஒரு சின்ன ஊர்ல. இங்கே சனிக்கிழமை ராத்திரின்னா டிராக் ரேஸ். பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன்: ரெண்டு வண்டி, நேர் ரோடு, கால் மைல் தூரம். அதாவது 402 மீட்டர். வளைவே கிடையாது. பச்சை விளக்கு எரிஞ்சதும் மிதிக்கணும். பன்னிரண்டு வினாடியில எல்லாம் முடிஞ்சிடும். அந்தப் பன்னிரண்டில் ஒரு பத்தில் ஒரு பங்கைக் குறைக்க மனுஷங்க வருஷக்கணக்கா உழைக்கிறாங்க.

எங்கிட்ட ரொம்ப நாளா வர்ற நோயாளி ஒருத்தர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ஐம்பத்தி சொச்சம் வயசு, சுகர், பிபி ரெண்டும் உண்டு, எடை 290 பவுண்டு. அவர்கிட்ட 1990களின் தொடக்கத்துல வந்த செவ்ரோலே பிக்கப் ஒண்ணு இருக்கு. ஏர்பேக் இல்லாத காலத்து வண்டி. ஒவ்வொரு முறை வரும்போதும் சுகர் நோட்டு கொண்டு வாங்கன்னு சொல்லுவேன். ஒரு நாள் நிஜமாவே ஒரு நோட்டோட வந்தார். திறந்து பார்த்தா டிரக்ல இருந்து கழட்டின ஒவ்வொரு சாமானோட எடை!

கணக்கு ரொம்ப எளிது. ரேஸ்காரங்க சொல்ற தோராய விதி இது: 100 பவுண்டு, அதாவது 45 கிலோ குறைச்சா கால் மைல்ல 0.1 வினாடி மிச்சம். சும்மா வாய்ப்பேச்சு இல்ல. அவர் வண்டி ஆளோட சேர்த்து 4,200 பவுண்டு, இன்ஜின் 420 குதிரைசக்தி. எடையை சக்தியால வகுத்து, அதுக்குக் கனமூலம் எடுத்து, 5.825ஆல பெருக்கணும். 12.55 வினாடி வரும். 400 பவுண்டு குறைச்சுப் போட்டா 12.14. நானே போட்டுப் பார்த்தேன், சரியா வருது.

ஆனா பிக்கப்ல ஒரு சிக்கல் இருக்கு. இன்ஜின் முன்னாடி, பின்னாடி காலித் தொட்டி. ஓட்டுற சக்கரமோ பின்சக்கரம். அதனால கண்ட இடத்துல குறைச்சா லாபம் இல்ல. பின்னாடி ரொம்ப லேசாச்சுன்னா சக்கரம் நின்ன இடத்துலயே சுத்திப் புகை விடும். குறைக்க வேண்டியது முன்னாடி: பானெட், முன் பம்பர், இரும்பு இன்ஜின் பிளாக்குக்குப் பதில் அலுமினியம். பேட்டரியைக் கழட்ட முடியாது, அதனால பின்தொட்டிக்கு மாத்துவாங்க. எடை மாறாது, இடம் மாறும்.

இடம் எவ்வளவு முக்கியம்னா, 1960கள்ல பில் கோல்டன்ங்கறவர் ஓட்டின "லிட்டில் ரெட் வேகன்"னு ஒரு டாட்ஜ் பிக்கப். அதுல ராட்சச இன்ஜினை கேபினுக்குப் பின்னாடி வெச்சாங்க. மிதிச்சதும் முன்சக்கரம் ரெண்டும் ஆகாயத்துக்குத் தூக்கிக்கிச்சு. கடைசியில ரேஸை விட்டுட்டு அதையே ஒரு வித்தையா காட்டி ஊர் ஊரா கூட்டம் சேர்த்தார்!

சரி, நம்ம ஆளோட நோட்டுக்கு வருவோம். ஸ்டெப்னி, ஜாக்கி, பின் பம்பர், ஹீட்டர், ஏசி, கார்பெட், எல்லாம் போயாச்சு. அதுல எனக்கு ஒரு கவலையும் இல்ல. (டெக்சாஸ் வெயில்ல ஏசியைக் கழட்டினதுக்கு மட்டும் மனநல மருத்துவர்கிட்ட அனுப்பலாமான்னு யோசிச்சேன்.) அடுத்த பக்கத்துலதான் நின்னேன். பழைய பெஞ்ச் சீட்டுக்குப் பதில் ரெண்டு லேசான பக்கெட் சீட். அதைத் தாங்குற பிராக்கெட் அவரே செஞ்சது. அதுல எடை குறைக்க வரிசையா துளை போட்டிருக்கார். சீட் பெல்ட்டின் பக்கிள் போல்ட் ஆகியிருக்கறதும் அதே பிராக்கெட்ல.

துளை போடறது பழைய தந்திரம். 1963ல பான்டியாக் கம்பெனியே ரேஸுக்காகச் சில கேட்டலினா கார்களோட சேசிஸ்ல நூறுக்கு மேல துளை போட்டு வித்தது. "ஸ்விஸ் சீஸ்"னு பேர் வெச்சாங்க. அது ரேஸுக்கு மட்டும். இவர் டிரக் அப்படி இல்ல.

"அந்த சீட்ல யார் உட்காருவாங்க?"ன்னு கேட்டேன்.

"பேரன். காலையில ஸ்கூல்ல விடறது நான்தான், டாக்."

பேரனுக்கு ஒன்பது வயசு, 30 கிலோ இருப்பான்னு வைங்க. மோதல்ல உடம்பு நிக்கிற வேகத்துல அதோட பாரம் 20 மடங்கு வரை போகலாம். 600 கிலோ. அந்த இழுப்பு முழுக்கப் பெல்ட் மூலமா போல்ட்டுக்குத்தான் போகும். அமெரிக்க விதிப்படி பெல்ட் பொருத்துற இடங்களை இடுப்புப் பக்கம் 3,000 பவுண்டு, தோள் பக்கம் 3,000 பவுண்டு, ரெண்டும் ஒரே நேரத்துல இழுத்து சோதிக்கணும். இவர் பிராக்கெட்டை யாரும் இழுத்துப் பார்க்கல. எமர்ஜென்சியில வேலை பார்த்த வருஷங்கள்ல பெல்ட் போட்ட குழந்தையையும் பார்த்திருக்கேன், போடாத குழந்தையையும் பார்த்திருக்கேன். அதைப் பற்றி இங்க எழுதப் போறதில்ல.

ரேஸ் விதிகளும் இதுல கொஞ்சம் இடைவெளி விடுது. டிராக் ரேஸ் சங்கமான என்எச்ஆர்ஏ விதிப்படி 13.99 வினாடியோ அதைவிட வேகமோ ஓடினா ஹெல்மெட் வேணும். பழைய வண்டி 11.49க்கு வந்தா ரோல் பார், அதாவது தலைக்குப் பின்னாடி இரும்புக் குழாய் வளைவு வைக்கணும். ரொம்ப வேகமா போறவங்க கழட்டின எடையில ஒரு பகுதியைத் திரும்ப ஏத்தியே ஆகணும். நம்ம ஆள் பன்னிரண்டு வினாடிக்காரர். கடைசிக் கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 175 கிலோமீட்டர். ஆனா ரோல் பார் கட்டாயம் இல்ல.

அந்தத் துளைகளால என்ன மிச்சம்னு நோட்டைப் பார்த்தேன். மூணு பவுண்டு! நேரத்துல ஆயிரத்தில் மூணு வினாடி.

அதே நாள்ல இன்னொண்ணும் கேட்டார். ரேஸ் அன்னிக்கு நீர் பிரியற மாத்திரையை டபுளா போட்டா எடை குறையுமேன்னு! மூணு லிட்டர் நீர் போனாலும் 6.6 பவுண்டுதான். அதுக்கு விலை என்ன தெரியுமா? 38 டிகிரி வெயில், கனமான தீத்தடுப்பு ஜாக்கெட், ஏற்கெனவே பிபி மாத்திரை. பொட்டாசியம் இறங்கும், எழுந்தா தலை சுத்தும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், கிட்னியும் அடி வாங்கும். இதைப் படிக்கிற யாராவது எடைக்காக நீர் மாத்திரை போடறீங்கன்னா, அது ரேஸோ கல்யாண போட்டோவோ, தயவுசெஞ்சு நிறுத்துங்க. குறையறது தண்ணிதான், கொழுப்பு இல்ல.

இதுல வேடிக்கை, அவர் ஓடற பிரிவுல எடையே ஜெயிக்க வைக்காது. என் வண்டி இத்தனை வினாடியில ஓடும்னு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசம் அளவு முன்கூட்டியே பச்சை விளக்கு எரியும். எழுதினதைவிட வேகமா ஓடினா தோல்வி. விளக்கைப் பார்த்ததும் சட்டுனு மிதிக்கிறவரும், சொன்ன நேரத்துக்கு ரொம்ப நெருக்கமா ஓடறவரும்தான் ஜெயிப்பாங்க. அதுக்கு வேணுங்கறது நீர்ச்சத்து குறையாத மூளை. இதைச் சொன்னதும் சிரிச்சார். "அது எனக்குத் தெரியும் டாக். ஆனா வேகமா போகணும்னு ஆசையா இருக்கே!"

எனக்கு அந்த பதில் பிடிச்சிருந்தது. அதனால அவர் மொழியிலேயே பேசினேன். வண்டியில இன்னும் கழட்டாத பெரிய பாகம் ஒண்ணு முன்சீட்ல உட்கார்ந்திருக்குன்னு காட்டினேன். பத்து மாசத்துல 31 பவுண்டு குறைச்சார். சாப்பாடு, நடை, ஒரு சுகர் மருந்தை மாத்தினது. சுகரும் பிடிபட்டது.

பிராக்கெட்டைக் கனமான இரும்புல துளையில்லாம புதுசா செஞ்சு வெல்டிங் கடையில காட்டி வாங்கினார். ஆனாலும் பேரன் இப்போ பாட்டியோட கார்ல, பின்சீட்லதான் ஸ்கூல் போறான். அவனுக்குச் சுத்தமா பிடிக்கலையாம். டிரக்தான் வேணும்னு தினமும் காலையில சண்டையாம்.