பனியிற் புதைந்த வண்டியும் ஒரு கப்பியும்

கல்லூரித் தாயின் விழா மலருக்கு எதனை எழுதலாம் எனப் பலநாள் எண்ணினோம். பௌதிக ஆய்வுகூடத்திற் கற்றும் கல்லாதிருந்த ஒரு பாடத்தை, கடல் கடந்த நாட்டிற் பனி எமக்கு மீண்டும் கற்பித்த கதையே பொருத்தமெனத் தோன்றியது.

நாம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்கின்றோம். அங்கே மஸ்கோகாப் பகுதியில், ஜோர்ஜியன் விரிகுடாவைக் கடந்துவரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிவந்து பனியாகக் கொட்டும். அவ்வழிப் பயணத்தை எண்ணி, மின்னால் வடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச் ஒன்றை வண்டியின் முன்புறத்திற் பூட்டினோம். சுமையோடு கூடிய வண்டிப்பாரத்தின் ஒன்றரை மடங்கேனும் இழுவிசை வேண்டுமென்பது பொதுவிதி. எமது வண்டி 2,500 கிலோகிராம். வின்ச்சோ 9,500 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 4,300 கிலோகிராம் இழுக்கவல்லது. கணக்குச் சரியெனச் செருக்குற்றோம். கடைக்காரர் காட்டிய கப்பியை வீண்செலவென்று தள்ளினோம்.

2014ஆம் ஆண்டு மாசி மாதத்து மாலையொன்றில், வண்டி தெருவோரக் கானுட் சரிந்து அச்சுவரை புதைந்தது. 20 அடி முன்னே ஒரு பைன் மரம் நின்றது. பட்டை உரியாதபடி அகன்ற பட்டியை அதிற் சுற்றி, வடத்தைக் கொளுவினோம். வின்ச் முனகியது, வண்டி அசையவில்லை. வடம் ஒழுங்காகச் சுற்றுகின்றதோவென்று பார்க்க, எமது மகன் அதனருகே குனிந்து நின்றான்.

அவ்வழியே லொறியில் வந்த முதியவர் ஒருவர், இறங்கியதும் அவனைக் கைப்பிடித்து அப்பால் அழைத்துச் சென்றார். இறுகிய உருக்குவடம் அறுந்தாற் சாட்டைபோல வீசி உயிரைக் குடிக்கும் என்றார். எமது உடல் நடுங்கியது. அடுத்து, புகைக்குழாயைச் சூழ்ந்த பனியை அகற்றினார். அது அடைபடின் நச்சுவாயு வண்டியினுட் புகும். பின்னர் ஒரு சவளைத் தந்து, சில்லுகளின் முன்னும் வண்டியின் கீழும் தோண்டச் செய்தார்.

மரம் அண்மையில் நின்றமையால், 100 அடி வடத்திற் பெரும்பகுதி உருளையிலேயே அடுக்கடுக்காகக் கிடந்தது. வின்ச்சிற் குறித்த இழுவிசை முதலடுக்குக்கே உரியது. அடுக்கு ஏற ஏற ஆரை கூடும், விசை குறையும். முதியவர் தமது கப்பியை மரத்திற் பூட்டி, வடத்தை அதனூடே திருப்பி, எமது வண்டியிலேயே கொளுவினார். அடுக்குங் குறைந்தது, விசையும் ஏறத்தாழ இரட்டித்தது, வேகம் பாதியாயிற்று. வண்டி மெல்ல மெல்லக் கரையேறியது.

வேகத்தைக் கொடுத்தே விசையைப் பெறலாமென்று எமது ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய நாள் நினைவுக்கு வந்தது. கிணற்றடியிற் காணாத கப்பியையா இங்கே காண்கின்றோமெனப் பின்வாங்கிலிருந்து நகைத்தோருள் நாமும் ஒருவராயிருந்தோம்.

இன்று எமது வண்டியிற் சவள், கப்பி, மரப்பட்டி, தாங்குதிறன் குறித்த கொளுவிகள், வடத்தின்மேல் இடும் பாரமான விரிப்பு யாவும் உள. உருக்குவடத்தை நீக்கிச் செயற்கை இழைவடம் பூட்டியுள்ளோம். அது இலேசானது, அறுந்தாலும் வீச்சுக் குறைவு. ஆயினும் கூரிய விளிம்பும் வெயிலும் அதற்கு ஆகா. இவற்றுள் முதலிற் கையிலெடுப்பது மலிவான சவளையே.

மாணவத் தம்பியரே, ஆய்வுகூடத்திற் கப்பி தொங்கும்போது நகையாதீர்கள். அன்று வடத்தருகே நின்ற மகன் இன்று தானே வண்டி ஓட்டுகின்றான். பனிக்காலத்தில் அவன் புறப்படுமுன் நாம் கேட்பது ஒன்றே: "தம்பி, கப்பியை எடுத்துக்கொண்டாயா?"